அந்தக் காற்று எங்கே போனது, அண்ணி?

எதைச் சொன்னாலும் "அப்படியா, ஏன்?" என்று கேட்கும் என் சரோஜா அண்ணிக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்குச் சொல்ல வேண்டிய சேதிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அண்ணன் நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோலா சுங்கை பாருவுக்குப் போய் மீன் வாங்கி வருகிறார். அதை அலசி வெட்டத்தான் வீட்டில் ஆள் இல்லை. நான் வெட்டினால் மீன் மீனாக இருப்பதில்லை. பாச்சாங்கில் நம் வீட்டுக்குப் பின்னால் நீங்கள் வைத்த பண்டான் செடி வேலியைத் தாண்டிவிட்டது. இதையெல்லாம் அண்ணனே உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பார். தொழிற்சாலைச் சேதியை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும்.

வேறு யாராவது இதைப் படித்தாலும் புரியட்டும் என்று, உங்களுக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்தது, அறையைக் குளிரவைக்கும் ஏர்கோன் பெட்டிக்குள் வைக்கும் கோய்ல். வளைந்து வளைந்து போகும் செம்புக் குழாய்கள், அவற்றைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள். குழாய் முனைகளைத் தீயில் காட்டிப் பற்றவைப்பது உங்கள் வேலை. பற்றவைத்த இடத்தில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது என் வேலை. அண்ணி ஒட்டுகிறாள், நாத்தனார் குறை கண்டுபிடிக்கிறாள் என்று கம்பெனி பஸ்ஸில் நம்மைக் கேலி செய்வார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். புது மிஷின் வரும்வரை அது வெறும் கேலியாகத்தான் இருந்தது.

அதற்கு முன் கோய்லைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். புது மிஷினுக்குத் தண்ணீர் வேண்டாம். கோய்லின் வாயில் அதன் குழாயை மாட்டினால், உள்ளே காற்றை அழுத்தி நிரப்பும். வழியை மூடும். சற்றுப் பொறுத்து, அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கும். குறைந்தால் காற்று எங்கோ கசிகிறது என்று பொருள், சிவப்பு விளக்கு. குறையாவிட்டால் பச்சை. யார் ஒட்டிய கோய்ல் என்று தெரிய ஒவ்வொருவருக்கும் ஒரு சாயப் புள்ளி உண்டு. உங்களுடையது மஞ்சள்.

மிஷின் வந்து சில வாரங்களுக்குள் மஞ்சள் புள்ளி என்றாலே சிவப்பு விளக்கு என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் ஒட்டியதில் எப்போதாவது ஒன்று போகும். உங்களுடையதில் அடிக்கடி போனது. வீட்டில் இதைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எந்தக் கோயில்லம்மா ஓட்டை?" என்று கவலையோடு கேட்டது நினைவிருக்கிறதா? அன்று அவருக்குப் பதில் சொல்லாமல் நாம் இருவரும் உள்ளே ஓடினோம். அந்த மாதங்களில் நாம் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

சிவப்பு வந்த கோய்லைப் பழைய தொட்டியில் அமுக்கினால் குமிழி வராது. ஓட்டை அவ்வளவு சின்னது, குமிழி கண்ணுக்குத் தெரியாது என்றார் சூப்பர்வைசர் லிம். அதையே துடைத்து மறுபடி மிஷினில் மாட்டினால் பச்சை காட்டும். தண்ணீர் போய் அந்தச் சின்ன ஓட்டையை அடைத்திருக்கும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, அப்படியும் நடக்கும். அதனால்தான் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

பிறகு ஒருநாள் அவர் உங்களைக் கூப்பிட்டு, மாதம் முடிந்ததும் பேக்கிங் பகுதிக்குப் போகச் சொன்னார். திட்டவில்லை. "கண்ணுக்கு ஓய்வு கொடு" என்றுதான் சொன்னார். தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்து, இங்கே நீங்களாகக் கற்றுக்கொண்ட வேலை அது. தீயின் நீலம் எந்த நிறத்துக்கு வந்தால் ஒட்டுக் கம்பி உருகும் என்று நீங்கள் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அட்டைப்பெட்டி மடிக்கும் மேசையில் உங்களை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதைவிட மோசம் சாப்பாட்டுக் கண்டினில் ஓடிய பேச்சு. வீட்டுச் சண்டையை நான் மிஷினில் காட்டுகிறேனாம். அண்ணன் காதுக்கும் அது போயிருந்தது. சாப்பிடும்போது தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மல்லிகா, அந்த மிஷின்ல நீ நினைச்சா சிவப்பு வர வைக்க முடியுமா?"

நீங்கள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அவகிட்ட கேக்கிற கேள்வியா இது?" என்று அவரை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பினீர்கள். அழுவீர்கள், அல்லது என்னைத் தேற்றுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டது வேறு.

"சிவப்பு வரப்போ அந்த நம்பர் எப்படி எறங்குது? ஒரே மாரி எறங்குதா, நின்னு நின்னு எறங்குதா?"

"தெரியலண்ணி. நான் லைட்டத்தான் பார்ப்பேன்."

"நாளைக்கு நம்பரப் பாரேன்லா. எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

உங்களைப் பேக்கிங்குக்கு அனுப்பப் போகிறார்கள், உங்களுக்கு எண் எப்படி இறங்குகிறது என்று தெரிய வேண்டும். எனக்கு அன்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

ஆனாலும் பார்த்தேன். விளக்குக்குப் பக்கத்தில் அழுத்தத்தைக் காட்டும் எண் ஓடும். நான் பொத்தானை அழுத்திக் காற்றைத் திறந்துவிடும்வரை, விளக்கு எரிந்த பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். காலையில் மிஷினைச் சரிபார்ப்பதற்காக ஊசித் துளை போட்ட கோய்ல் ஒன்று வைத்திருப்போம். அதை மாட்டிப் பொத்தானைத் தொடாமல் நின்றேன். எண் சீராக இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு உங்கள் மஞ்சள் புள்ளி ஒன்று வந்தது. சிவப்பு. பொத்தானைத் தொடவில்லை. எண் முதலில் வேகமாக இறங்கியது. பிறகு மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக. பிறகு நின்றுவிட்டது.

அன்று பஸ்ஸில் உங்களிடம் சொன்னபோது நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பஸ் தெங்கேராவைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஓட்டை தானா மூடிக்குமா, மல்லிகா?"

"மூடிக்காது."

"அப்ப அது ஓட்டை இல்ல. ஆனா அழுத்தம் கொறையுதே. அந்தக் காத்து எங்கதான் போச்சு?"

எங்கே போனது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ப் போத்தல் சொன்னது. காலியான பிளாஸ்டிக் போத்தலில் கொதிநீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, பூச்சி போகாமலிருக்க மூடியை இறுக்கி வைத்தீர்கள். சோறு வெந்து இறங்குவதற்குள் போத்தல் இடுப்பு ஒடுங்கி நின்றது. நீங்கள் அதை எடுத்து, மூடியைத் திறக்காமல் காதில் வைத்தீர்கள். தண்ணீரில் அமுக்கினீர்கள். குமிழி இல்லை. அண்ணன் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, போத்தலுக்கு என்ன ஜோசியமா என்றார்.

"மல்லிகா, இதுல ஓட்டை இல்ல. காத்து எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு. ஆறிப் போச்சு, அவ்வளவுதான். ஆறினா சுருங்கிக்குது."

பிறகு என்னைப் பார்த்தீர்கள். எனக்கும் அதே நேரத்தில்தான் விளங்கியது. மற்றவர்கள் ஒட்டிய கோய்ல் தள்ளுவண்டி நிறையும்வரை காத்திருந்து, ஆறிய பிறகு என்னிடம் வரும். உங்கள் மேசை என் மிஷினுக்குப் பக்கத்தில். நீங்கள் வேறு மற்றவர்களைவிட வேகம். ஒட்டி, ஈரத்துணியால் ஒத்தி, கையாலேயே நீட்டிவிடுவீர்கள். தொட்டால் இளஞ்சூடுதான் இருக்கும், கை சுடாது. அந்த இளஞ்சூடு போதுமா, அண்ணி, ஒருவரை வேலையிலிருந்து தூக்க?

மறுநாள் இடைவேளைக்கு முன் சிவப்பு வந்த மஞ்சள் புள்ளி ஒன்றைத் தண்ணீரில் போடாமல் காற்றாடிக்குக் கீழே வைத்தோம். இடைவேளை முடிந்து மாட்டினோம். பச்சை. இந்தத் தடவை ஓட்டையை அடைக்கத் தண்ணீரும் இல்லை. லிம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நமக்குத் தெரியாது. அவர் நேராகக் கோடியில் இருந்த மேசைக்குப் போனார். அங்கே வேறொருவர் அப்போதுதான் ஒட்டி முடித்த கோய்லைக் கையுறையோடு வாங்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடிவந்தார். அதில் பச்சைச் சாயப் புள்ளி. அதை ஒட்டியவர்மேல் அதுவரை ஒரு குறையும் வந்ததில்லை.

மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அலாமாக்" என்றார் லிம், ஐயையோ என்பதுபோல் மெல்ல. அவ்வளவுதான் சொன்னார். பிறகு எஞ்சினியர் அஸ்மானைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

அஸ்மானை எனக்கு அன்றுதான் பிடித்துப்போனது. கம்பி வைத்த வெப்பமானியைக் கொண்டுவந்து, கோய்லின் சூட்டையும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தார். கோய்ல் ஆற ஆற எண் இறங்கியது, கோய்ல் ஆறி முடிந்ததும் எண் நின்றது. சூட்டினால் இருக்குமோ என்று தானும் நினைத்ததாகவும், ஆனால் தான் அளந்துபார்த்தது காலை முதல் வேலையில், முந்தின நாள் ஒட்டிய கோய்லில் என்றும் சொன்னார். அப்போது எல்லாம் ஆறிப்போயிருக்கும்தானே. மிஷின்தான் கசிகிறது என்று நினைத்து, அந்த வாரம் முழுக்க அதன் ரப்பர் வளையங்களை மாற்றிக்கொண்டிருந்தாராம். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

பேக்கிங் பேச்சு அத்தோடு நின்றது. ஆறவைக்கச் சட்டங்கள் அடித்து, காற்றாடி போட்டார்கள். கண்டினில் நம் மேசைக்கு நிறைய பேர் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் ரொட்டி சானாய் வாங்கிவந்து நம் இருவர் முன்னாலும் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். "மன்னிப்பு சூடா இருக்கு, சாப்பிடு" என்றீர்கள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். மறுநாள் காலை பஸ்ஸில், எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் என் காதோரம் குனிந்தீர்கள்.

"மல்லிகா, சூடா இருந்தா நம்பர் எறங்குது. குளிரா இருந்தா?"

அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான். மாலையில் சோதிக்காமல் மிஞ்சும் கோய்ல்களை, செம்பு கறுக்காமலிருக்க ஏர்கோன் அறையில் வைப்போம். காலையில் அவற்றைத்தான் முதலில் வெளியே எடுத்து, குளிர்ச்சியோடு மாட்டுவேன். வெளியே தளத்தில் நல்ல வெக்கை. அந்த நேரத்தில் எண் இறங்காது. ஏறும். நாங்கள் அதைப் பார்த்து, ரொம்ப இறுக்கமான கோய்ல், ‘சூப்பர்’ என்று சொல்லிக்கொள்வோம். மூடிய குழாய்க்குள் அழுத்தம் தானாக எப்படிக் கூடும், வெளியிலிருந்து காற்று உள்ளே புகுந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. பச்சை விளக்கை யார் கேள்வி கேட்பார்கள்?

"குளிர்ந்த காத்து சூடேறி விரியுது. நம்பர் ஏறுது," என்றேன்.

"உண்மையிலேயே ஓட்டை இருந்தா?"

"அது எறக்கப் பார்க்கும். சூடு ஏத்தப் பார்க்கும்."

"ரெண்டும் சரியாப் போயி, பச்சை வந்துரும்."

அப்படிக் காலையில் பச்சை காட்டிப் பெட்டிக்குள் போனவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் புள்ளி என்று இருவருக்கும் தெரியும். வேகமாக ஒட்டுகிறவருடையதுதானே மாலையில் அதிகம் மிஞ்சும்.

நான் பயந்தேன், அண்ணி. அன்று உங்களிடம் அதைச் சொல்லவில்லை. இப்போதுதான் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது, கொஞ்ச நாள் போகட்டும் என்று உங்கள் கையைப் பிடித்தேன். நீங்கள் கையை விடுவித்துக்கொண்டு நேராக லிம்மிடம் போனீர்கள். அஸ்மானும் அங்கே இருந்தார். கிடங்கில் லோரிக்குக் காத்திருக்கும் பெட்டிகளைப் பிரித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்றீர்கள். அஸ்மான் உடனே தலையாட்டினார். லிம் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு உங்களைத் தனியாக ஒதுக்கி, எனக்கும் கேட்கும்படிதான் சொன்னார்: அந்தப் பெட்டிகளில் உன் புள்ளிதான் நிறைய இருக்கிறது சரோஜா, யோசித்துப் பேசு.

உங்கள் மலாய் எப்போதும் கொஞ்சம் தோட்டத்து மலாய். அதில் நீங்கள் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "அதனாலதான் பாஸ் கேக்கிறேன். என் புள்ளி எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போகுதே."

பெட்டிகளைப் பிரித்தோம். கோய்ல்களைத் தளத்துச் சூட்டுக்கு வரும்வரை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாக மாட்டினேன். நீங்கள் உங்கள் மேசையை விட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றீர்கள். பச்சை, பச்சை, பச்சை. எனக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்த நேரத்தில் ஒன்று சிவந்தது. எண் நிற்குமா என்று காத்திருந்தோம். நிற்கவில்லை. தண்ணீரில் அமுக்கினோம். ஒரு வளைவின் பின்பக்கத்திலிருந்து, கடுகைவிடச் சின்னதாய், ஒரு குமிழி எழுந்தது. பிறகு இன்னொன்று. மஞ்சள் புள்ளி.

நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் கை தொட்டிக்குள் போவதைப் பார்த்தேன். விரலால் அந்தக் குமிழி வரும் இடத்தைத் தடவிக்கொண்டே, "இங்கயா வருது?" என்றீர்கள். வருத்தமே இல்லாத குரல். வேறு யாரோ ஒட்டியதைப் பற்றிக் கேட்பது போல.

இன்னும் சில கிடைத்தன. மற்றவர்களுடையதும் இருந்தது, உங்களுடையது கூடுதல். மஞ்சள் புள்ளி போட்டவை எல்லாவற்றிலும் கசிவு அதே வளைவில், அதே பின்பக்கத்தில். அங்கே உங்கள் தீ எட்டவில்லை. கோய்லைத் திருப்பிப் போட்டுப் பின்னாலிருந்து ஒட்டினால் எட்டும் என்று அன்று மத்தியானமே கண்டுபிடித்தீர்கள். அதனால் உங்கள் வேகம் கொஞ்சம் குறைந்தது. லிம் மற்ற மேசைகளிலும் அப்படித் திருப்பச் சொன்னார். உங்களை வேலையைவிட்டு எடுப்பார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா? வீடுகளில் மாட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயு கசிந்து, ஏர்கோன் ஏன் குளிர்வதில்லை என்று யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கும் கோய்ல்கள் அவை. நமக்கும் தெரிந்திருக்காது.

அதன் பிறகு நமக்குள் பேச்சு எப்படி மாறிவிட்டது. அதுவரை நீங்கள் அண்ணன் பெண்டாட்டி, நான் நாத்தனார். அதன் பிறகு, காய் நறுக்கும்போதுகூட மிஷினைப் பற்றித்தான். பெரிய கதவைத் திறந்து மழைக்காற்று வந்தால் எண் ஏன் துள்ளுகிறது? மாட்டிய கோய்லைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தால் ஏறுமா? ஏறியது. நீங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துப் பிடித்துக்கொண்டு, எண் ஏறுவதைப் பார்த்துக் கண் விரிய நின்றது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது.

டிங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அப்படித்தான். தண்ணீர் ஏறும் போத்தலைப் பார்த்து, ஏன் இதை இவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று தாதியிடம் கேட்டீர்கள். அவர் சொன்ன பதிலை நான் வந்ததும் எனக்குச் சொன்னீர்கள். மறுநாள் நான் வந்தபோது நீங்கள் பேசவில்லை. அதற்கடுத்து நீங்கள் இல்லை. இதில் கேட்பதற்கு எனக்கு நிறைய இருக்கிறது. யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இனி தொழிற்சாலைச் சேதி.

உங்கள் மேசையில் இப்போது காக் ரொஹானா என்ற மலாய் அக்கா உட்காருகிறார். நல்ல கை. முதல் மாதம் நான் அந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை. அவர்மேல் தப்பில்லை, என்னால் முடியவில்லை.

போன வாரம் மிஷினின் இணைப்புக் குழாய் வெடித்துப் புதிது போட்டார்கள். அன்றிலிருந்து நல்ல கோய்லுக்கும் சிவப்பு வருகிறது. எண்ணைப் பார்த்தேன். வேகமாக இறங்கி, மெதுவாகி, நிற்கிறது. ஆறாத கோய்ல் என்று முடிவுகட்டி எழுந்து போய்த் தொட்டேன். தளத்துச் சூடுதான். ஆறவைத்த சட்டத்திலிருந்து வந்தது. வெப்பமானியும் அதையே சொன்னது. ஓட்டை என்றால் நிற்காது, சூடு என்றால் சூடு இல்லை. அப்படியானால் இது என்ன? எனக்கு அவ்வளவு ஆச்சரியமாக இருந்ததில், என்னை அறியாமல் பக்கத்து மேசையைப் பார்த்து, "அண்ணி, இங்க வந்து பாருங்களேன்" என்று தமிழில் கூப்பிட்டுவிட்டேன்.

காக் ரொஹானா தீயை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். என்னவென்று விளங்காவிட்டாலும் கூப்பிட்டது விளங்கியிருக்கிறது. எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெனாப்பா?" என்றார். ஏன் என்று கேட்கிறார், அண்ணி.

மலாயில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே, சாய்வதற்கு வாகாக அந்தப் புதுக் குழாயைப் பிடித்தார். நான் அடுத்த கோய்லுக்குக் காற்றை நிரப்பினேன். அவர் கையை எடுக்கவில்லை. குழாய் தன் கைக்குள் உப்புகிறது என்றார். நானும் பிடித்துப் பார்த்தேன். உண்மைதான். பழைய குழாய் கெட்டி, இது மெத்தென்று இருக்கிறது. காற்று நிரம்பி, வழி மூடிய பிறகும் மெல்ல மெல்லப் பருத்துக்கொண்டே போய், பிறகு நிற்கிறது. காற்று எங்கும் போகவில்லை, ஆறவும் இல்லை. அது இருக்கும் இடம்தான் பெரிதாகிறதோ? அப்படியென்றால் சிவப்பு காலையில் கொஞ்சமாகவும் மத்தியானம் அதிகமாகவும் வருவது ஏன்? வெக்கையில் ரப்பர் இன்னும் இளகுமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

நாளைக்கு அஸ்மான் கெட்டிக் குழாய் கொண்டுவருகிறார். நானும் காக் ரொஹானாவும் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கப் போகிறோம். என் ஊகம் தப்பாகவும் போகலாம். போனால், தப்பு என்று அவரிடமே சொல்லிவிட்டு, அடுத்து அவர் என்ன கேட்கிறார் என்று காத்திருப்பேன். குறுக்கே பேச மாட்டேன். பக்கத்து மேசையைப் பார்க்காமலும் இனி இருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கேட்டுக்கொண்டே இருக்கும்
உங்கள் நாத்தனார்,
மல்லிகா